ஒன்பதாம் நாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு தவக்காலத்திலும் காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் செபம், ஒரு அதிகாரம் விவிலியம், வெள்ளிதோறும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி என்று தீர்மானம் எடுக்கிறேன். இந்த முறை ஓரியூர் அருளானந்தர் கோயிலில் நேர்ந்துகொண்டு தொடங்கினேன். மனைவியும் கூடவே எழுந்து காப்பி போட்டுத் தந்தாள். ஒன்பதாம் நாள் விட்டுவிட்டேன். எழுந்த நாளிலும் மனம் ஒட்டவில்லை, வறண்டு கிடக்கிறது. குடும்பத்துக்கு ஞானத் தலைவனாக இருக்க வேண்டிய ஆண் இப்படி இருக்கலாமா? செல்போனில் விவிலியம் வாசிப்பது தவறா? தினமும் ஒழுங்காக நடக்க ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. எங்கள் ஐயாவின் தகரப்பெட்டி கீழே இறங்கியிருந்தது. ஐயா என்றால் எங்கள் பக்கம் அப்பா. 2003-இல் அவர் போனபிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அதில் இருந்ததை யாரிடம் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. நாலு மணிக்கு அந்தப் பெண்ணை ஏன் எழுப்பினீர்கள்? பகலெல்லாம் இரண்டு பிள்ளைகளோடு அல்லாடிவிட்டுப் படுத்தவர் அவர். நீங்கள் ஆண்டவரைத் தேடுவதற்கு அவருடைய தூக்கம் எதற்கு? இயேசு இருட்டோடு எழுந்து தனியிடம் போய்ச் செபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். சீமோனும் மற்றவர்களும் அவரைத் தேடிக்கொண்டு போனார்கள் என்றும் அங்கேயே எழுதுகிறார். அப்படியென்றால் ஒருவரையும் எழுப்பாமல் போயிருக்கிறார். காப்பி வேண்டுமென்றால் நீங்கள் போடுங்கள், அவருக்கும் ஒரு டம்ளர் மூடி வையுங்கள்.

தலைவன் என்ற சொல்லையும் கொஞ்ச காலம் இறக்கி வையுங்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது. நம் கோயில்களில் பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பது யார்? வீட்டில் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் ஆத்தாவும் அப்பத்தாவும் உருட்டி முடிக்க, கடைசியில் மன்றாட்டுமாலைக்கு வந்து முட்டி போடுகிறவர்கள் யார்? இத்தனை காலம் நம் வீட்டு விசுவாசத்தைச் சுமந்தது பெண்கள். அவர்கள் பக்கத்தில் போய் முதல் மணியிலிருந்து உட்காருங்கள், போதும்.

செல்போனில் வாசியுங்கள், புத்தகத்தில் வாசியுங்கள், அது ஒரு கேள்வியே இல்லை. ஒருசந்தியைப் பற்றிப் பங்குச்சாமியிடம் கேளுங்கள். சிமெண்டு குழைத்து வேலை பார்க்கிற உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அவர் பார்த்துச் சொல்வார்.

ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணத்தை ஊற்றுகிறீர்கள். அச்சைத் தூக்கும்போது கை ஆடி வண்ணம் கலந்துவிடுகிறது. அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு அடுத்த வருஷம் வருகிறேன் என்று போவீர்களா? கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த கல்லை ஊற்றுவீர்கள். செபத்தில் மட்டும் ஏன் தம்பி, ஒரு நாள் தவறினால் அடுத்த தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரைக்கும் பூட்டுப் போடுகிறீர்கள்?

எங்கள் ஐயா தேவகோட்டையில் வட்டிக்குக் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கெழுதினார். அந்தக் கடைகளில் தொழில் பழகுவது எப்படி என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாள். பர்மாவுக்குப் போய் மூன்று வருஷக் கணக்கு இருந்து திரும்பியவர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். அன்றன்றைய வரவும் பற்றும் அன்றன்றே எழுதப்பட வேண்டும். கையிருப்பில் நாலணா உதைத்தாலும் அது எங்கே போனதென்று தெரியாமல் ஐயா வீட்டுக்கு வரமாட்டார். கடைப் பேரேட்டில் அந்த வீட்டு வழக்கப்படி பிள்ளையார் சுழி போடுவார். வீட்டு நோட்டில் மேலே ‘சேசு மரி சூசை’ என்று எழுதுவார்.

பெட்டியில் இருந்தவை அந்த வீட்டு நோட்டுகள். பதினேழு. சாமான் கணக்கு என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு கிழமைக்கும் இரண்டிரண்டு கோடு, கோட்டின் மேல் நீலப் பென்சிலில் புள்ளிகள். சில நாள் ஒன்று, சில நாள் ஆறு. ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ஒரே எழுத்து: ‘கோ’.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. சேசுசபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை அது. 1548-இல் அச்சான அவருடைய ஆன்மப் பயிற்சிகளில் இந்தக் கோடுகள் இருக்கின்றன. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை, எத்தனை தடவை விழுந்தாய் என்று எண்ணிப் புள்ளி வை. மதியக் கோட்டோடு இரவுக் கோட்டை ஒப்பிட்டுப் பார், நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை. ஐயா எப்போதோ, சில நாள் ஒதுங்கிச் செபிக்கும் ஞான ஒடுக்கத்துக்குப் போனபோது யாரோ ஒரு சேசுசபைச் சாமியார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு அது உடனே பிடித்துப்போயிருக்கும்.

‘கோ’ என்றால் கோபம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சீமெண்ணெய்க்குக் கொடுத்த காசைத் தொலைத்துவிட்டு வந்தேன். மூன்று அறை விட்டார். மறுநாள் விடியலில் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படியில் குடத்தை வைத்துவிட்டு, “நேத்து ஒன்னைய அடிச்சது தப்புடா. காசு தொலைஞ்சதுக்கு அடிக்கலை, கடையில இருந்த கோவத்தை ஒன் மேல காட்டிட்டேன்” என்றார். எங்கள் தெருவில் எந்த அப்பாவும் எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்து நோட்டில் அந்தக் கிழமையைத் தேடினேன். செவ்வாய் இரவு என்று நினைக்கிறேன். மூன்று புள்ளி, பென்சில் தாளைத் துளைக்கும்படி அழுத்தி வைத்திருக்கிறார். முதல்நாள் இரவு அந்தப் புள்ளிகளை வைத்தவர்தான் காலையில் ஊருணிப் படியில் அப்படிப் பேசியிருக்கிறார்.

இதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். மனம் ஒட்டவில்லை, வறண்டு கிடக்கிறது என்கிறீர்கள். பதினேழு நோட்டிலும் ஐயாவின் மனம் ஒட்டியதா என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஒரு வாரம் கோடு மட்டும் இருக்கிறது, கோணல்மாணலாக. ஓரத்தில் ‘சுரம்’ என்று எழுதியிருக்கிறார். எழுந்து உட்கார முடியாத நாளிலும் கோடு போட்டிருக்கிறார். இஞ்ஞாசியாரும் அப்படித்தான் நினைத்தார், நோயோ வேலையோ வந்து மற்றச் செபங்கள் குறைந்தாலும் இந்த ஆன்ம சோதனை நிற்கக் கூடாது என்று.

நீங்கள் நேர்ந்துகொண்ட ஓரியூரையே நினைத்துப் பாருங்கள். 1693 பிப்ரவரி 4-ஐ எல்லாருக்கும் தெரியும். அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். இங்கே வருவதற்கு அவர் லிஸ்பனில் கப்பலேறியது அதற்கு இருபது வருஷம் முன்னால், 1673-இல். பண்டாரசாமி என்ற துறவி வேடத்தில், புலால் தொடாமல் இந்த மறவர் சீமையில் நடந்த நாள்களை யார் நினைக்கிறோம்? அவரும் சேசுசபைக்காரர்தானே. ஏதோ ஒரு குடிசைத் திண்ணையில், நாளெல்லாம் நடந்த காலோடு உட்கார்ந்து, அன்றைய நாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படுத்திருப்பார்.

நாலு மணியை இப்போதைக்கு விடுங்கள். இரவில் பிள்ளைகள் தூங்கியபின் பத்து நிமிஷம். அன்றைக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள், பிறகு காலையிலிருந்து வரிசையாக நினைத்துப் பாருங்கள், பட்டறையில் யாரிடம் என்ன பேசினீர்கள், வீட்டில் என்ன பேசினீர்கள் என்று. உங்கள் குறை எதுவென்று உங்களுக்கே தெரியும், அதற்கு ஒரு எழுத்துப் போதும். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். புள்ளி வைக்க மறந்த நாளை வெற்றாகவே விட்டுவிட்டு மறுநாள் கோட்டுக்குப் போங்கள்.

புள்ளிகள் குறையுமா என்று கேட்பீர்கள். ஐயாவுக்கு நடு நோட்டுகளில் குறைந்திருக்கிறது. அம்மா இறந்த வருஷம் மறுபடி கூடியிருக்கிறது. கடைசி நோட்டிலும் புள்ளிகள் இருக்கின்றன. பாதியில் ஒரு வியாழக்கிழமையோடு நிற்கிறது. மதியக் கோட்டில் ஒரு புள்ளி, இரவுக் கோடு போடவில்லை.

அடுத்த முறை ஓரியூருக்குப் போகும்போது தேவகோட்டையில் இறங்குங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டுகளை மறுபடி பரணில் ஏற்றவில்லை, மேசைமேல்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.