லைசன்ஸ் பற்றி நீங்கள் கேட்டவை: ஹட்டன் லேர்னர்ஸ்காரர் ஒருவரின் பதில்கள்

வணக்கம். ஹட்டன் பக்கம் 19 வருசமாக வாகனம் ஓட்டப் பழக்குகிறேன், அதற்கு முன்னால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டினேன். லைசன்ஸ் விசயமாக எதுவானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வாசிக்க வாசிக்க மனது கனத்தது. ஏனென்றால் பாதிக் கேள்விகளில் ஏதோ ஓரிடத்தில் ஒரு புரோக்கர் வருகிறார், நம் ஆட்கள் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இது நாமே செய்துகொள்ளக்கூடிய வேலை, தமிழிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. அதை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதிலும் எழுதியிருக்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து: அண்ணே, பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. இப்படியே லைசன்ஸுக்குப் போகலாமா?

போகாதீங்க தம்பி. எங்கள் அப்பா அம்மா காலத்தில் பெயரைத் தமிழில் சொல்வார்கள், எழுதுகிறவர் தன் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதுவார், பிறகு வேறொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவார், இப்படி ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கே தகப்பன் பெயர் இரண்டு விதமாக விழுந்திருக்கும். ஊருக்குள் இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். லைசன்ஸில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய் நிற்கும்போதுதான் பிரச்சினை. அதனால் வரிசை தப்பாமல் செய்யுங்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ், அதற்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பார்க்க வேண்டும். அடுத்து அடையாள அட்டைத் திருத்தம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த விண்ணப்பத்தில் தோட்ட அத்தியட்சகரும், அதாவது துரையும், உறுதிப்படுத்திக் கையொப்பம் வைக்கலாம். தோட்ட ஆபீஸில் இழுத்தடித்தால் கிராம சேவகரிடம் போங்கள், அவர் கையொப்பமும் செல்லும். அப்புறம்தான் லைசன்ஸ். மாசக்கணக்கில் ஆகும்தான், ஆனாலும் லைசன்ஸ் கையில் வந்தபிறகு மாற்றுவதை விட இது எவ்வளவோ மேல்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா: எனக்கு 42 வயது, மலையில் கொழுந்து எடுக்கிறேன். ஸ்கூட்டி ஓட்ட ஆசை. சிங்களம் வாசிக்கத் தெரியாது, எட்டாம் வகுப்புதான் படித்தேன். எனக்குக் கிடைக்குமா?

கட்டாயம் கிடைக்கும் அக்கா. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், விடைகளில் சரியானதைத் தெரிவு செய்தால் போதும், பந்தி பந்தியாக எழுதுகிற வேலை இல்லை. வீதி அடையாளங்களும் சந்தியில் யார் முதலில் போவது என்பதும்தான் நிறைய வரும். எங்கள் வீதிகளுக்கே சொன்ன மாதிரி ஒரு விதி உண்டு: ஒடுக்கமான மலைப் பாதையில் ஏறி வருகிற வாகனத்துக்கு இறங்குகிற வாகனம் இடம் விட வேண்டும். மேட்டில் நின்றுபோன வண்டியைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மலையில் கூடை சுமந்து ஏறுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி. முதலில் மெடிக்கல். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் கிளையில் நேரம் எடுத்துப் போங்கள், தனியார் டொக்டர் கடிதம் செல்லாது. கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட வேண்டும் என்றால் பயப்படாதீங்க, அதை லைசன்ஸில் குறிப்பார்கள், ஓட்டும்போது போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மெடிக்கல் சான்றிதழ் 6 மாதம் செல்லும். அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றோடும் நுவரெலியா மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை சித்தியானதும் எல் போர்டு மாட்டிப் பழகுவதற்கான அனுமதி கிடைக்கும், அது 18 மாதம் செல்லும். 3 மாதம் கழித்துத்தான் ட்ரயலுக்கு, அதாவது ஓட்டிக் காட்டுகிற சோதனைக்குப் போகலாம். அந்த 3 மாதத்தை வீணாக்காதீங்க, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழகினாலும் போதும்.

ஸ்கூட்டி மட்டும் என்றால் 100 சீசீ வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ. இப்போது வருகிற ஸ்கூட்டிகள் பல 100 சீசீயைத் தாண்டியவை, வாங்கப் போவதைப் பார்த்துவிட்டு வகுப்பைப் போடுங்கள். ஏவுக்கே போடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

என்னிடம் பழகியவர்களில் உங்களைப் போல மலையில் வேலை செய்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அவர்கள் நிதானமாக ஓட்டுவார்கள், சொன்னதைக் கேட்பார்கள். உத்தியோகத்தர் தமிழில் பேசவில்லை என்றால் தயங்காமல் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13வது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆனது. அது அவர்கள் செய்கிற உபகாரம் இல்லை, உங்கள் உரிமை.

லிந்துலையிலிருந்து: ஹல்துமுல்லைப் பக்கம் பொலிஸ் பிடித்து லைசன்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்தார்கள். 10 நாள் ஆச்சு. என்ன செய்ய?

நாளைக்கே தபாலகத்துக்குப் போங்கள். அந்தத் தாள்தான் 14 நாளைக்கு உங்கள் தற்காலிக லைசன்ஸ். 14 நாளுக்குள் தண்டப்பணத்தைக் கட்டினால் எழுதிய தொகை மட்டும், 14 தாண்டி 28க்குள் என்றால் இரண்டு மடங்கு, 28ம் தாண்டினால் கோட்டுக்குத்தான் போக வேண்டும். கட்டின பற்றுச்சீட்டோடு லைசன்ஸை எடுத்த பொலிஸ் நிலையத்துக்கே போய்த்தான் திருப்பி வாங்க வேண்டும், பக்கத்துப் பொலிஸில் தரமாட்டார்கள். இங்கிருந்து ஹல்துமுல்லைக்குப் போய் வர ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று தெரியும். 2025இல் இருந்து கவ்பே என்கிற அரசாங்கத்தின் இணையக் கட்டண முறை மூலம் போனிலேயே தண்டம் கட்டி அந்த இடத்திலேயே லைசன்ஸை வாங்கிக்கொள்கிற முறையைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தார்கள், அடுத்த முறை பிடித்தால் அந்த வசதி இருக்கிறதா என்று உத்தியோகத்தரிடமே கேளுங்கள். கையில் காசு கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள், அது வேறு வழக்காகிவிடும்.

டயகமயிலிருந்து: ட்ரயல் பாஸ் பண்ணி மாசக்கணக்கில் ஆகிறது. கார்டு வரவில்லை.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். விண்ணப்பத்தில் என்ன விலாசம் எழுதினீர்கள்? தோட்டத்தின் பெயரும் டிவிசனும் மட்டும் எழுதினால் பதிவுத் தபால் தோட்ட ஆபீஸுக்குப் போகும், அங்கே ஒரு மேசையில் கிடக்கும், யாரும் தேடி வராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். லயத்துக்கு இலக்கம் இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை, பரம்பரை பரம்பரையாக இங்கே வாழ்கிறோம், ஒரு கடிதம் நேராக வீட்டுக் கதவுக்கு வருவதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

சரி, செய்ய வேண்டியது இது. தோட்ட ஆபீஸிலும் உப தபாலகத்திலும் விசாரியுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டோடு மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், கார்டு அச்சாகிவிட்டதா, அனுப்பித் திரும்பி வந்துவிட்டதா என்று. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கார்டுத் தட்டுப்பாட்டால் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தாளில் தற்காலிக லைசன்ஸ்தான் கொடுத்தார்கள், உங்கள் தற்காலிகத் தாளின் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்திருந்தால் ஓட்டாதீர்கள். கேட்டும் பதில் இல்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'என் லைசன்ஸ் எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது' என்று தமிழில் இரண்டு வரி எழுதி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

நோர்வூட்டிலிருந்து: தம்பி கனடாவில் ஒன்டாரியோவில். அங்கே 'டிரைவிங் ரெக்கோர்ட்' கேட்கிறார்களாம். அதை இங்கே எங்கே எடுப்பது?

வெளிநாட்டில் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம், இங்கே வேறு. உதாரணமாக, அமெரிக்க மாநிலங்களில் ஒருவர் செய்த வீதிக் குற்றங்கள், அவற்றுக்கு விழுந்த புள்ளிகள், லைசன்ஸ் நிறுத்திவைத்த காலம் எல்லாம் ஒரே பதிவில் இருக்கும், கட்டணம் கட்டி அந்த மாநில அலுவலகத்திலேயே எடுக்கலாம். இங்கே நீங்கள் எடுக்கக்கூடியது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தருகிற உறுதிப்படுத்தல் கடிதம்: லைசன்ஸ் எப்போது வழங்கப்பட்டது, எந்தெந்த வகுப்பு, எதுவரை செல்லும் என்ற விபரம். அதற்கு வேரஹெர அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒன்டாரியோவில் 12 மாதம் வரையான அனுபவத்தைத் தம்பி தானே எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் கடிதம் தேவையில்லை. 24 மாதம் காட்டினால்தான் நேரே ஜி சோதனைக்கு, அதாவது அங்கே முழு லைசன்ஸுக்கான ஓட்டச் சோதனைக்குப் போகலாம், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் முத்திரையும் வேண்டுமா என்று தம்பியை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் அது பத்தரமுல்லையில் கொன்சியூலர் பிரிவில். மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொலிஸ் நற்சான்றிதழ் வேறு, இந்தக் கடிதம் வேறு. ஏஜென்சி இரண்டையும் கலந்து பேசும், எது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வதேச அனுமதிப் பத்திரம் மூன்றாவது சங்கதி, அதைக் கொழும்பில் இலங்கை ஒட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது, ஒரு வருடம் செல்லும்.

வெலிமடையிலிருந்து: டித்வா புயல் மண்சரிவில் வீடே போய்விட்டது. லைசன்ஸ், ஐடென்டி எல்லாம் மண்ணுக்குள்.

உயிர் தப்பியதே பெரிது. முதலில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், என்னென்ன ஆவணம் காணாமல் போனது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள், ஏதாவது ஒன்று விடுபட்டால் திரும்பவும் அலைய வேண்டும். அந்த முறைப்பாட்டின் பிரதியும் கிராம சேவகரின் கடிதமும் இருந்தால் முதலில் அடையாள அட்டையை எடுங்கள், பிறகு பதுளை அலுவலகத்தில் லைசன்ஸுக்கு மறுபிரதி கேட்கலாம். உங்கள் பதிவு திணைக்களத்தின் கணினியில் இருக்கிறது, லைசன்ஸ் இலக்கம் நினைவில்லாவிட்டாலும் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடுவார்கள். மற்ற எல்லோரும் இன்றைக்கே லைசன்ஸின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

தலவாக்கலையிலிருந்து: தம்பிக்கு 19. கொழுந்து லொறி ஓட்ட லைசன்ஸ் எடுக்கலாமா?

கனரக வாகனத்துக்கு 21 ஆக வேண்டும். லொறியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் கார், வேனுக்கான பி வகுப்பு காணாது, லொறிக்கான சி1 வேண்டும். கனரக லைசன்ஸ் 4 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், இலகு வாகனத்துக்கு 8. இப்போதைக்குப் பி எடுத்துக் கைப்பழக்கம் வரட்டும், கியர் வண்டியிலேயே ட்ரயல் கொடுக்கச் சொல்லுங்கள். ஒட்டோமெட்டிக் வண்டியில், அதாவது கியர் தானாக மாறுகிற வண்டியில் பாஸ் பண்ணினால் ஒட்டோமெட்டிக் மட்டும்தான் ஓட்டலாம்.

கொட்டகலையிலிருந்து: வண்டி லைசன்ஸும் நம்ம லைசன்ஸும் ஒரே இடத்திலா?

இல்லை. வண்டிக்கான ரெவனியூ லைசன்ஸ், அதாவது வண்டிக்கு வரி கட்டி எடுக்கிற பத்திரம், மாகாணத்துடையது, பிரதேச செயலகத்தில் வருசா வருசம் எடுப்பது. இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் கொண்டு போங்கள்.

ராகலையிலிருந்து: 'ட்ரயல் இல்லாமலே கார்டு எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். என் அக்கா மகனுக்கே நடந்தது. நான் ஊரில் இல்லாத நேரம் ஒரு புரோக்கர் காசு வாங்கிக் கார்டு ஒன்று கொடுத்தார், பார்க்க அச்சு அசலாக இருந்தது. சோதனைச் சாவடியில் இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் பதிவே இல்லை. புரோக்கர் போனை அணைத்துவிட்டார், கோட்டில் ஏறி நின்றது என் மருமகன்தான். போலி லைசன்ஸ் வைத்திருப்பது வெறும் தண்டத்தோடு போகிற விசயம் இல்லை. அதோடு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும், காயப்பட்டவரின் குடும்பத்துக்கு நீங்கள் எங்கிருந்து கொடுப்பீர்கள்? கட்டணத்தைக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது தராத எவர் கையிலும் காசு வைக்காதீர்கள்.

அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு தகப்பன்: மகனுக்கு 16 வயது, த்ரீவீல் நல்லா ஓட்டுவான். தோட்டத்து ரோட்டில்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது அண்ணே. தோட்டத்து ரோடு எங்கேயோ ஓரிடத்தில் மெயின் ரோட்டில் ஏறும், பிள்ளை அந்த இடத்தில் நின்று திரும்பிவிடும் என்று நினைக்கிறீர்களா? 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லையில் பஸ்ஸும் வேனும் த்ரீவீலும் மோதி 7 பேர் போனார்கள், நன்றாக ஓட்டுகிறவரும் எதிரே வருகிற வண்டியால் அகப்படுகிற ரோடுகள் இவை. லைசன்ஸ் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்தவருக்கும் தண்டம் உண்டு, 25,000 ரூபாயிலிருந்து. 17 முடிந்தால் விண்ணப்பிக்கலாம், 18இல் லைசன்ஸ். இந்த ஒரு வருசத்தில் மகனுடைய பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.