பழைய பிக்அப்பின் பின் ஆக்ஸிலும் பிரேக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2011 மாடல் பிக்அப். இடது பின்சக்கரத்து பிரேக் லைனரில் (ஷூவில் ஒட்டிய உராய்வுப் பட்டையில்) ஆயில் இறங்குகிறது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை சீலும் லைனரும் மாற்றியாயிற்று. இப்போது ஆக்ஸிலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (ஒட்டன்சத்திரம்)

பதில்: ஆக்ஸிலுக்குப் பணம் புரட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து ஹவுசிங்கின் (ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக்கூட்டின்) மேல்பக்கம் பாருங்கள். விரல்நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை இருக்கும், பிரீதர் என்பார்கள். சேறு அப்பி அது அடைந்திருக்கிறதா? ஓட ஓட ஹவுசிங் சூடேறும், உள்ளே இருக்கும் காற்று விரியும். போக வழியில்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில், பிரேக் டிரம்முக்குள் வந்துவிடும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

பிரீதர் நன்றாக இருந்தால் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் பேரிங்கில் ஆட்டம் தெரிகிறதா, சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்த ஆயிலை மோந்தும் பாருங்கள். கந்தக வாடை வந்தால் கியர் ஆயில். அந்த வாடை இல்லையென்றால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்குங்கள், உள்ளே ஈரமிருந்தால் கசிவது பிரேக் ஆயில். ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டவே கூடாது. புது லைனரை இரண்டு பக்கமும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் அடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்ததால் டிரைவர் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டார். பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டலாமா? (தாராபுரம்)

பதில்: ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். அந்த ஆயில் பட்ட ரப்பரெல்லாம் ஊதிப்போகும், பிரேக் எப்போது விடும் என்று சொல்லவே முடியாது. கட்டி இழுத்துக்கொண்டு போய், லைனைக் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை ரப்பர் பாகங்களையும் ஹோஸ்களையும் மாற்றுங்கள்.

கேள்வி: லோடு ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறதென்று கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) இரண்டு கூடுதலாகப் போட்டோம். அதிலிருந்து லோடில் பிரேக் பிடிப்பதில்லை. முன் பேடு சீக்கிரம் தேய்கிறது. (உடுமலை)

பதில்: இதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன். பல பிக்அப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும், லோடு சென்சிங் வால்வ். வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கி நிற்கும்போது பின்சக்கரம் பூட்டி வழுக்காமலிருக்க, அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும். பாரம் ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் அழுத்தத்தைக் கூட்டும். நீங்கள் பட்டை கூட்டியதால் பாரத்திலும் சேஸிஸ் தாழவில்லை. வண்டி காலி என்றே வால்வ் கணக்குப் போடுகிறது. ஒன்றரை டன் தக்காளியையும் முன்சக்கரம் இரண்டும்தான் பிடித்து நிறுத்துகின்றன.

அடுத்து ஒருவர் வந்து, "வால்வைக் கழற்றி எறி, நேராக லைன் கொடு" என்பார். கேட்காதீர்கள். மழைநாளில் காலி வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். பட்டைகளைக் கழற்றுங்கள், கம்பியின் அளவைக் கம்பெனி கையேட்டில் உள்ளபடி வைக்கச் சொல்லுங்கள், ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். பிரேக் போனால் எதிரே வருகிறவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

கேள்வி: ராத்திரி ஏழு மணிக்கு வண்டியைப் பார்த்து, ஓட்டாமலே முழுப்பணமும் கொடுத்துவிட்டேன். எழுதி எதுவும் வாங்கவில்லை. இப்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம். பணம் திரும்பக் கிடைக்குமா? (திருமங்கலம்)

பதில்: கிடைப்பது கடினம். இருட்டில் பார்த்து, ஓட்டாமல், துண்டுச் சீட்டுகூட இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய?

ஓட்டிப் பார்த்தும் ஏமாந்தவன் நான். 2014-இல் தோட்டத்துக்கென்று வாங்கிய வண்டி துளிச் சத்தம் போடவில்லை. மூன்றாம் வாரம் ஊளையிட்டது. டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி) ஆயிலை வடித்தால் மரத்தூள் கலந்த கூழாக வந்தது. சத்தத்தை அடக்க விற்றவர் போட்டது. அன்றிலிருந்து, வடிகால் திருகைக் கழற்றிக் காட்டாத பழைய வண்டிக்கு நான் முன்பணம் கொடுப்பதில்லை. திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை. இரும்புச் சில்லு இருந்தால் வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு: ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, விட்டால் குறைகிறது என்றால் கிரவுன்-பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) பக்கம் கோளாறு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே இரைச்சல், வளைவில் மட்டும் மாறுகிறது என்றால் வீல் பேரிங், செலவு குறைவு. தார் ரோட்டுக்கும் சிமென்ட் ரோட்டுக்கும் சத்தம் மாறினால் டயர்.

கேள்வி: புது கிரவுன்-பினியன் செட் என்று பில் போட்டு, பெயின்ட் அடித்த பழையதைத் தந்துவிட்டார் கடைக்காரர். நானே ஓட்டிப் பிழைக்கும் வண்டி. "தொழில் வண்டிக்கு நுகர்வோர் வழக்கு கிடையாது, போ" என்கிறார். (ஈரோடு)

பதில்: அவர் சொல்வது பொய், தம்பி. பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் வாங்குகிறவரைத்தான் விலக்குகிறது. பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்குகிறவர் நுகர்வோரே என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தச் செட்டை யாரிடமும் திருப்பித் தராதீர்கள். தேய்ந்த பற்களைப் படமெடுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள், கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், அல்லது நேரே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: இருபது கிலோமீட்டர் ஓடினால் வலது பின் டிரம்மில் மட்டும் கை வைக்க முடியவில்லை. (பொள்ளாச்சி)

பதில்: பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூடாக இருக்கும்போதே ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தின் காற்றெடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரம் சுற்றினால் அழுத்தம் திரும்பவில்லை என்று பொருள், ஹோஸையும் லைனையும் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் டிரம்மைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது ஷூவின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். பேரிங் கிரீஸ் உருகி ஓடுவதற்குள் பாருங்கள்.