பிரஷர் மாத்திரை எங்க போய் வேலை செய்யுது? வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல பிரஷர் மாத்திரை பத்திதான், அதனால மத்தத அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் பிரஷர் ஒண்ணுதான் சார், 150/90. அவருக்கு அம்லோடிபின் குடுத்திருக்காங்க, எனக்கு டெல்மிசார்டன். ஒரே வியாதிக்கு எதுக்கு வேற வேற மாத்திரை? என்னோடது தீந்துட்டா அவரோடத போட்டுக்கலாமா?

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல பதில், போட்டுக்காதீங்க. நம்பர் ஒண்ணா இருக்கலாம், ஆனா அது ஏறுறதுக்கு வழி பல இருக்கு. இதயம் வேகமா அடிக்கலாம், உடம்புல உப்பும் தண்ணியும் ஜாஸ்தியா தங்கலாம், இல்ல ரத்தக்குழாய் இறுகிப் போயிருக்கலாம், பாதி பேருக்கு இது எல்லாம் கலந்தே இருக்கும்.

ரத்தக்குழாய்ன்னதும் பிளாஸ்டிக் பைப்ப நினைச்சுக்காதீங்க, அத சுத்தி தசை இருக்கு, அது சுருங்கணும்னா உள்ள கால்சியம் போகணும். அம்லோடிபின் அந்த வாசல்ல போய் நின்னுக்கும், கால்சியம் உள்ள போறது குறையும், தசை தளரும், குழாய் அகலமாகும். (எலும்பு தேஞ்சிடுமான்னு ஒரு அம்மா தனியா கேட்டிருக்காங்க, தேயாதும்மா, அந்த கணக்கு வேற.) இது மெதுவா வேலை செய்யுற ஆளு. ரத்தத்துல இருக்கிறது பாதியா குறையவே 30லருந்து 50 மணி நேரம் ஆகும், அப்போ தினமும் போடப்போட சேர்ந்து முழு பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல ஆயிடும். மூணாவது நாளே மிஷின்ல பார்த்துட்டு "கேக்கல"ன்னு நிறுத்துறவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன்.

உங்க டெல்மிசார்டன் ரூட்டே வேற. கிட்னிக்கு ரத்தம் சரியா வரலன்னு தோணிச்சுன்னா ரெனின்னு ஒண்ண விடும், அதுலருந்து ஆஞ்சியோடென்சின் 1, அதுலருந்து ஆஞ்சியோடென்சின் 2ன்னு போகும், இந்த ரெண்டாவதுதான் வில்லன், குழாயையும் இறுக்கும், அட்ரினல் சுரப்பிய தட்டிவிட்டு உப்பையும் பிடிச்சு வைக்கும். சார்டன் வகை மாத்திரை அது உக்கார வேண்டிய சீட்டுல முன்னாடியே துண்டு போட்டு வச்சிடும். சுகர் இருந்து யூரின்ல புரோட்டீன் போறவங்களுக்கு இது கிட்னியையும் காப்பாத்தும், அதனாலதான் ஆள பார்த்து மாத்திரை. அதே சார்டன் கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஆகவே ஆகாது, குழந்தையோட கிட்னிய பாதிக்கும்.

கேள்வி: அம்லோடிபின் 10 மில்லிகிராம் போட ஆரம்பிச்சதுலருந்து சாயங்காலம் ஆனா கணுக்கால் ரெண்டும் வீங்குது. கிட்னி போயிடுச்சோன்னு பயமா இருக்கு. தண்ணி மாத்திரை வாங்கிப் போடவா?

பதில்: பயப்படாதீங்கம்மா, பெரும்பாலும் இந்த மாத்திரையோட பக்கவிளைவா வர்ற வீக்கம்தான் இது. ரத்தம் உள்ள வர்ற சின்ன தமனி நல்லா தொறந்துக்குது, ஆனா வெளிய போற சிரை அந்த அளவுக்கு தொறக்கல, நடுவுல மாட்டுன நுண்குழாய்ல அழுத்தம் ஏறி நீர் வெளிய கசியுது. உடம்புல தண்ணி ஜாஸ்தியாகி வர்ற வீக்கம் இல்லங்கறதால தண்ணி மாத்திரை (உப்பையும் தண்ணியையும் யூரின்ல வெளிய தள்ளுறது) இதுக்கு பெருசா கேக்காது. டோஸ 5ஆ குறைக்கிறது, இல்ல சார்டனோ பிரில் வகையோ (ராமிப்ரில் மாதிரி, பேர் 'பிரில்'னு முடியுறது) கூட சேர்க்கிறதுதான் வழி, அது சிரையையும் தொறந்துவிடும், வீக்கம் வடியும். ஆனா ஒரே கால் மட்டும் வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ, காலைல எழுந்திரிக்கும்போது முகம் உப்புனாலோ இந்த பதில மறந்துட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

கேள்வி: ராமிப்ரில் போடுறேன், ரெண்டு மாசமா வறட்டு இருமல். மூணு சிரப் மாத்தியாச்சு. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல.

பதில்: சிரப்ப தூக்கி ஓரமா வைங்க தம்பி. இந்த பிரில் குடும்பத்துக்கு ஒரு பாம்பு கதை இருக்கு. பிரேசில்ல ஜராராக்கான்னு ஒரு விரியன், அது கடிச்சா பிரஷர் தடால்னு இறங்கிடும். அந்த விஷத்துல இருந்த பொருள ஆராய்ஞ்சுதான் கேப்டோப்ரில் வந்தது, அமெரிக்காவுல 1981ல அனுமதி கிடைச்சுது. நான் மேல சொன்ன சங்கிலில ஆஞ்சியோடென்சின் 1 ரெண்டா மாறுதுல்ல, அத மாத்துற நொதியத்தான் பிரில் முடக்குது. சிக்கல் என்னன்னா அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கு, பிராடிகைனின்ங்கிற பொருள உடைக்கிறது. உடைக்க ஆள் இல்லன்னா அது சேரும், தொண்டைய கிச்சுகிச்சு மூட்டும். சார்டன் இந்த நொதிய தொடுறதில்ல, அதனாலதான் இருமல் வந்தா டாக்டர் பெரும்பாலும் அதுக்கு மாத்துவாங்க. மாத்தினதும் மறுநாளே நிக்காது, சில வாரம் ஆகும். இதே பிரில் போடுறப்ப உதடு நாக்கு வீங்கினா மட்டும் ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போகணும், அதுக்கப்புறம் வாழ்நாள்ல பிரில் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: பிரஷர் 120/80க்கு வந்துடுச்சேன்னு மெட்டோப்ரோலால நானே நிறுத்திட்டேன். மூணு நாளா நெஞ்சு படபடன்னு அடிக்குது.

பதில்: மாத்திரையாலதான் சார் 120க்கு வந்துச்சு! மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர்ங்கிற வகை, அது அட்ரினலின் இதயத்துல வந்து ஒட்டுற இடத்த மறைச்சு வைக்கும். மறைச்சு வச்சா உடம்பு சும்மா இருக்குமா, இன்னும் நிறைய இடத்த உண்டாக்கிக்கும். திடீர்னு நிறுத்தினா அத்தன இடத்துலயும் அட்ரினலின் ஏறி உக்காரும், இதய நோய் இருக்கிறவங்களுக்கு நெஞ்சுவலி, அட்டாக் வரைக்கும் போகும். நீங்க இன்னிக்கே டாக்டர பாருங்க, நிறுத்தணும்னா அவர் படிப்படியா குறைப்பார். ஆஸ்துமா இருக்கிறவங்க முன்னாடியே சொல்லிடணும். இன்சுலின் போடுறவங்களுக்கு சுகர் இறங்கும்போது வர்ற படபடப்பயும் இது மறைச்சிடும், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: தண்ணி மாத்திரைய ராத்திரி போட்டா என்ன?

பதில்: தூக்கம் போகும். குளோர்தாலிடோன், இண்டபமைட் மாதிரி இருக்கிறது கிட்னில உப்ப திரும்ப எடுக்க விடாது, உப்பு போற எடத்துக்கு தண்ணியும் போகும். சோடியம், பொட்டாசியம் குறையலாம், யூரிக் ஆசிட் ஏறலாம், அதனால ரத்தப் பரிசோதனைய தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: ஒரு மாத்திரை ரெண்டாச்சு. வியாதி முத்திடுச்சா?

பதில்: இல்ல. ஒரே மாத்திரைய டபுள் பண்ணா பிரஷர் கொஞ்சம்தான் கூடுதலா இறங்கும், ஆனா பக்கவிளைவு நல்லாவே ஏறும். வேற வழில வேலை செய்யுற ரெண்டாவது மாத்திரைய சின்ன டோஸ்ல சேர்த்தா அதவிட நல்லா இறங்கும். ஒரு வழிய அடைச்சா உடம்பு இன்னொரு வழில ஏத்தப் பார்க்கும், தண்ணி மாத்திரை போட்டா ரெனின் ஏறும், அத சார்டன் பிடிக்கும். ஆனா பிரிலும் சார்டனும் சேர்த்து போடுறது இல்ல, ரெண்டும் ஒரே சங்கிலிதான், பொட்டாசியம் ஏறி கிட்னி கெடும்.

கேள்வி: மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா? பிரஷருக்கு சார்டனும் தண்ணி மாத்திரையும் சேர்ந்தது போடுறேன்.

பதில்: நீங்களா வாங்கிப் போடாதீங்க. இந்த வகை வலி மாத்திரை உப்ப தங்க வச்சு பிரஷர ஏத்தும், அதுக்கு மேல சார்டன், தண்ணி மாத்திரை, இது மூணும் சேர்ந்தா கிட்னிக்கு மூணு பக்கமும் அடி. வாந்தி பேதின்னு படுத்திருக்கிற நாள்ல இன்னும் மோசம். பாராசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, கேக்கும்போது இப்ப போடுற மாத்திரை அட்டைய கையோட எடுத்துட்டு போங்க.