ஃபோர்டு குடும்பத்தின் பிடி

வணக்கம் சார்,

கார் கம்பெனிகளைப் பற்றிய கட்டுரையில் ஹென்றி ஃபோர்டின் வாரிசுகளை இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். தாத்தா சேர்த்ததைப் பேரன் அழிப்பான் என்பார்களே, நாலு தலைமுறையாகியும் கம்பெனி இவர்கள் கையைவிட்டுப் போகாதது எப்படி? திறமையா, அதிர்ஷ்டமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டையும்விட, கம்பெனி முடிவுகளில் பங்குதாரர்களுக்கு உள்ள ஓட்டு என்பேன். 1935இல் அமெரிக்கா பெரும் சொத்துகளுக்கான வாரிசு வரியை 70 சதவீதம் வரை ஏற்றியது. அதைக் கட்டப் பங்குகளை விற்றாக வேண்டும், விற்றால் கம்பெனி போய்விடும். மறுவருடமே ஃபோர்டு அறக்கட்டளை பிறந்தது. ஓட்டுரிமை இல்லாத பங்குகளில் பெரும்பகுதி அதற்குப் போனது, ஓட்டு உள்ளவை குடும்பத்திடமே தங்கின. தர்மமும் ஆச்சு, பிடியும் விடவில்லை! 1956இல் பங்குச்சந்தைக்கு வந்தபோதும், குடும்பத்தின் ‘பி’ பங்குகளுக்கு 40 சதவீத ஓட்டு என்று எழுதிக்கொண்டார்கள். யாராவது கோபித்துக்கொண்டு வெளியாருக்கு விற்றால் அது சாதாரணப் பங்காகிவிடும்.

திறமை என்றால் எனக்கு மகன் எட்செல்தான் நினைவுக்கு வருவார். 1919இல், 25 வயதில் தலைவர் பதவி, ஆனால் முடிவெல்லாம் அப்பாவுடையது. போட்டிக் கம்பெனிகள் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறி வருடக்கணக்கான பிறகும், மகன் கேட்டுக்கொண்டே இருந்தும், 1939 மாடல் வரும்வரை ஃபோர்டு காரில் பழைய மெக்கானிக்கல் பிரேக்தான். 1943இல் வயிற்றுப் புற்றுநோயில் எட்செல் இறந்தபோது வயது 49. எண்பதை நெருங்கிய ஹென்றி மறுபடி தலைவரானார், கம்பெனியில் அடியாள் படை வைத்து ஆட்டம்போட்ட ஹாரி பென்னெட்டின் கை ஓங்கியது.

அப்போது காப்பாற்றியவர் எட்செலின் மனைவி எலினார். என் மகனிடம் பொறுப்பைக் கொடுக்காவிட்டால் என் பங்குகளை விற்றுவிடுவேன் என்று மாமனாரிடமே சொல்லிவிட்டார். 1945இல் 28 வயதுப் பேரன், இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று பென்னெட்டை வீட்டுக்கு அனுப்பியது. ஃபோர்டு கதையை ஆண்களின் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதுதான் எரிச்சல்.

கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டையும் பாராட்டியாக வேண்டும். கம்பெனி தடுமாறியபோது, 2006இல் தானே சிஇஓ பதவியிலிருந்து இறங்கி, போயிங்கிலிருந்து ஆலன் முலாலியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்த வருடமே தொழிற்சாலைகள் முதல் அந்த நீல நிற லோகோ வரை அடகு வைத்து ஏறக்குறைய 2,350 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலாக, ஃபோர்டு தப்பித்தது. நீங்கள் கேட்ட அதிர்ஷ்டம் வேண்டுமானால் இங்கே இருக்கிறது. வங்கிகள் கையை விரித்தது 2008இல், இவர்கள் கடன் வாங்கியது அதற்கு இரண்டு வருடம் முன்னால்.