சூரிச்சில் குப்பைப் பைக்குக் காசு போகிறதா?

தங்கச்சி, குப்பைப் பை வாங்கியே காசு கரைகிறது, எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பிள்ளையின் பள்ளிக்கூடமும் கேட்டிருக்கிறீர்கள். விலாசத்தைப் பார்த்துப் பள்ளி நிர்வாகமே இடம் தரும், அதை விடுங்கள்.

குப்பைதான் கவனம். இங்கே வீட்டுக் குப்பையை நகரத்தின் கட்டணப் பையில்தான் கட்டி வைக்க வேண்டும், குப்பை அகற்றும் காசு அந்தப் பையின் விலையிலேயே இருக்கிறது. சாதாரணக் கறுப்புப் பையில் கட்டி இரவில் வைத்துவிடு, பஸ் தரிப்பிடத் தொட்டியில் போட்டுவிடு என்று எங்கள் ஆட்களே சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள். பையைக் கிளறி, உள்ளே கிடக்கும் கடித உறையில் பெயரைப் பார்த்துத் தண்டம் அனுப்புவார்கள். 1993இல் இந்தக் கட்டணப் பை வந்தபோது நாங்கள் கொஞ்சப் பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒருவன் மிச்சம் பிடிக்கிறேன் என்று கறுப்புப் பையை வைத்துவிட்டு வந்தான். உள்ளே கிடந்தது என் கடிதம். தண்டம் கட்டியது நான். அவன் இப்போது இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரன், இன்னும் ஒரு சதம் தரவில்லை. ஜெனீவாவில் பைக்குக் காசே இல்லை என்று என் மச்சான் வேறு சிரிப்பான்.

பைக்குக் கட்டணம் நிறைக்கு இல்லை, கொள்ளளவுக்கு. ஆகவே 35 லீட்டர் பைக்குள் காற்றை அடைக்காதீர்கள், பால் பெட்டியை மிதித்துத் தட்டையாக்கிப் போடுங்கள். பெட் என்கிற பிளாஸ்டிக் போத்தலைக் கடையிலேயே திருப்பிப் போடலாம். பழைய பேப்பரைக் கயிற்றால் கட்டி அதற்குரிய நாளில் வைக்க வேண்டும். பழுதான மின்சாரக் கேத்தலை அந்தச் சாமான் விற்கும் கடையிலேயே சும்மா கொடுக்கலாம், அதற்கான காசை வாங்கும்போதே எடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் போத்தலை அதற்குரிய பொதுத் தொட்டியில் நிறம் பிரித்துப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சத்தம் கேட்டால் சுவிஸ்காரர் சண்டைக்கு வருவார்கள்.

உண்மையில் எங்கள் வீட்டுப் பை நிறைவது தமிழ்க்கடையால்தான். வெண்டிக்காய்க்கு ஒரு சொப்பிங் பை, முருங்கைக்காய்க்கு இன்னொன்று, எல்லாவற்றையும் போட மூன்றாவது. துணிப்பை நீட்டினால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். பிறந்தநாள் மண்டபங்களில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தட்டு மலையாகக் கிடப்பதைப் பற்றிக் கதைத்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

மரக்கறித் தோலுக்குக் கட்டடத்தில் பச்சைத் தொட்டி உண்டா என்று அப்வார்ட்டை, அதாவது கட்டடப் பராமரிப்பாளரைக் கேளுங்கள். நான் கோப்பை கழுவிய உணவகத்தில் லீக்ஸின் பச்சைத் தண்டு, கரட் தோல் எதையும் தலைமைச் சமையல்காரர் எறிய விடமாட்டார், எல்லாம் எலும்போடு சூப் பானைக்குள் போகும். அந்த சூப்பில் மிளகாய்த்தூள் போட்டுத்தான் எங்கள் முதல் குளிர்காலம் போனது. ஒருநாள் அவரும் எங்கள் கோப்பையில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தார். அதன்பிறகு தூள் டப்பாவைத் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டார்.