டிரிப்டோஃபான் சிந்தேஸ் நொதிக்குள் சுரங்கம் எதற்கு?

டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உருவாக்கும் கடைசி நொதியின் உள்ளே ஒரு சுரங்கம் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சால்மோனெல்லா பாக்டீரியாவின் டிரிப்டோஃபான் சிந்தேஸில் ஆல்ஃபா, பீட்டா, பீட்டா, ஆல்ஃபா என நான்கு துணையலகுகள் (நொதியை ஆக்கும் தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) நீளவாக்கில் அமைந்துள்ளன. ஆல்ஃபா துணையலகு இண்டோல் கிளிசரால் பாஸ்பேட்டைப் பிளந்து இண்டோல் என்ற சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. பீட்டா துணையலகோ, வைட்டமின் பி6-இன் செயல்வடிவமான பிரிடாக்சால் பாஸ்பேட்டின் துணையுடன் செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நீரை நீக்கி, எஞ்சியதோடு இண்டோலை இணைத்து டிரிப்டோஃபானை உருவாக்குகிறது. மின்னூட்டமற்ற இண்டோலை வெளியே விட்டால் அது செல்சவ்வைக் கடந்து நழுவிவிடக்கூடும். ஆகவேதான் இரு வினைமையங்களையும் ஏறத்தாழ 25 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீளமுள்ள சுரங்கம் இணைக்கிறது; இண்டோல் வெளியே வராமல் அதன் வழியே செல்கிறது. 1988-இல் வெளியான எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. என்னை இதைவிடவும் வியக்க வைப்பது, பீட்டாவில் செரின், நீர் நீங்கிய இடைநிலைப் பொருளான அமினோஅக்ரிலேட்டாக மாறிய பிறகே ஆல்ஃபாவின் வேகம் பெருமளவு கூடுகிறது என்பதுதான். அதனால் இண்டோல் வீணாகத் தேங்குவதில்லை.