ஆத்தங்கரையில இருக்கற பழைய வீட்டைச் சுத்தி காடு மாதிரி தோட்டம் போடலாமா? பாம்பு வரும்னு பயமுறுத்துறாங்களே?

தாராளமா போடலாம். வீட்ல பெரியவங்க யாரோ வேணாம்னு சொல்லித்தான் இங்க வந்து கேக்குறீங்கன்னு தோணுது, எங்க வீட்லயும் அதே பஞ்சாயத்துதான். நான் விவசாயம் படிச்சவ இல்ல. கும்பகோணம் பக்கம் காவிரிக்கரையில புகுந்த வீடு, நாட்டு ஓடு, கொல்லை நேரா ஆத்துலதான் போய் முடியும். அவ்ளோதான் என் தகுதி, அதனால சண்டைக்கு வராதீங்க.

ஆத்தங்கரைதானே, தண்ணிக்கு என்ன பஞ்சம்னு மட்டும் நெனச்சுடாதீங்க. மேட்டூர் ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடறது வழக்கம், பங்குனியில வந்து பாத்தா காவிரி வெறும் மணல். அதனால புரட்டாசியில குழி எடுத்து ஐப்பசி மழைக்கு நட்டுடணும், மொத கோடைக்கு போர் தண்ணி விட்டுத்தான் ஆகணும். கரையை ஒட்டி நீர்மருது, புங்கை, நாவல், கொஞ்சம் மேட்டுல இலுப்பை, புன்னை. நெழல் கட்டினப்புறம் அடியில ஆடாதொடை, மஞ்சள், திப்பிலி. ஆல், அரசு நீங்க நடவே வேணாம், காக்கா புண்ணியத்துல சுண்ணாம்புக் காரைச் செவுத்துல அதுவா மொளைக்கும், விரல் நீளத்துக்குள்ள இருக்கறப்பவே புடுங்கிடுங்க, விட்டா செவுரே பொளந்துக்கும். மியாவாக்கின்னு ஜப்பான் முறை அடர்காடு போடலாமேன்னு கமெண்ட்ல வருவாங்க, சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு நெருக்கி நட்டா அப்புறம் நாம எங்க நாற்காலி போட்டு உக்கார்றது?

ஆனா மரம் நடறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, சண்டை பூரா வெளக்கமாறாலதான். எங்க அத்தை காலையில எழுந்ததும் கொல்லைக் கடைசி வரைக்கும் ஒரு சருகு விடாம கூட்டி, சாயங்காலம் மூலையில கொளுத்திடுவாங்க. இருக்கட்டும் அத்தைன்னா "குப்பையா கெடந்தா லட்சுமி எப்டிடி உள்ள வருவா"ம்பாங்க. கடைசியில எங்க மாமா தலையிட்டு, துணி தொவைக்கற கல்லு வரைக்கும் அத்தைக்கு, அதுக்கு அந்தாண்ட எனக்குன்னு பிரிச்சு விட்டார். ஒரு மழை போனதும் அந்தாண்ட சருகை வெலக்கிப் பாத்தா மேல மொறுமொறுன்னு காஞ்சிருக்கு, அடியில டீத்தூள் மாதிரி கறுப்பா ஈரமண்ணு, வெள்ளை நூலா பூஞ்சை, மண்புழு. நான் வெதைக்காமலே இலுப்பைக் கன்னு மொளைச்சிருந்துச்சு. இந்தாண்ட அப்பவும் கட்டாந்தரைதான்.

பாம்பு இல்லவே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நெல்லு கொட்டி வைக்கற வீட்ல எலிக்கு சாரை எப்பவும் வரும், நல்லபாம்பும் விரியனும்கூட இந்தப் பக்கம் உண்டு. அதுக்குத்தான் வீட்டை ஒட்டி பத்தடி சுத்தமா கூட்டி வைக்கணும், செவுத்தோரம் செங்கல் வெறகு அடுக்கக்கூடாது, ராத்திரி டார்ச் இல்லாம எறங்கக்கூடாது. கடிச்சா நீயா பொறுப்புன்னு கேக்கறவங்க காட்டையும் விட்டுடுங்க, ஆத்தங்கரையையும் விட்டுடுங்க. அப்புறம் ஓட்டுல ரெண்டு சரிவு சேர்ற எடத்துல தகரம் இருக்கும் பாருங்க, அங்க எலை அடைச்சா தண்ணி நேரா கூடத்துலதான் ஊத்தும். மழைக்கு முன்னாடி ஏறி வாரிப் போட்டுடணும்.

இவ்வளவும் பண்ணா சொந்தக்காரங்க என்ன சொல்லணும்? "அவளுக்குப் பொழுது போகல." இதே நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு தீபாவளிக்கு வந்தப்ப வாசல் கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சார், அதுவும் பாதி, மீதியை நான்தான் அடிச்சேன். மாப்பிள்ளை கையால அடிச்ச பெயிண்ட்னு இன்னிக்கு வரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக் காட்டுறாங்க. மருமகன்னா ஒரு நியாயம், மருமகள்னு வந்தா—சரி வேணாம், எங்க அத்தையும் இந்தத் தளத்துல இருக்காங்கன்னு சந்தேகம்.

கன்னுக்கு நர்சரியில போய் காசைக் கொட்டாதீங்க, பக்கத்துல வனத்துறை நாற்றங்கால் இருந்தா அங்க மொதல்ல விசாரிங்க.